சிஸ்டர், பாத்ரூம் போகலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 54 வயது. 24 வயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் என்றார்கள். பள்ளி ஆசிரியரான அப்பா பல வருடம் வீட்டில் வைத்துச் சமாளித்துப் பார்த்தார். முடியாமல் 2009-ல் அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார். அம்மா போன பிறகும் மாதம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போன வருடம் அப்பாவும் தவறிவிட்டார். ‘உங்கள் அண்ணன் நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு அழைத்துப் போகலாம்’ என்று அங்கிருந்து சொன்னார்கள். மூன்று மாதமாக எங்களோடு இருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், யாரையும் ஒரு சொல் சொல்வதில்லை. ஆனால் காலை 5 மணிக்கே எழுந்து தட்டையும் டம்ளரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கூப்பிட்டால்தான் சாப்பிட வருகிறார். பாத்ரூம் போகக்கூட ‘சிஸ்டர், போகலாமா’ என்று என்னைக் கேட்கிறார். கூடப்பிறந்தவளை நர்ஸ் என்று நினைக்கிறாரா? தலையணைக்கு அடியில் பிரெட், வாழைப்பழம் ஒளித்து வைக்கிறார், எறும்பு மொய்க்கிறது. வாசல் திறந்தே கிடந்தாலும் தாண்டுவதில்லை. ராத்திரி லைட்டை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். ‘அவருக்கு அங்கேதான் செட் ஆகும்’ என்கிறார் என் கணவர். நோய் முற்றிவிட்டதா? அங்கே விட்டு நாங்கள்தான் கெடுத்துவிட்டோமா? திரும்பக் கொண்டுபோய் விடுவதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நேரில் பார்க்காமல் யாருக்கும் இது இன்ன நிலை என்று சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் உள்ளவரை, நோய் முற்றியதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. முற்றியிருந்தால் முதலில் தூக்கம் கெடும். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார், தனக்குள் பேசுவார், மாத்திரையைத் துப்புவார். நீங்கள் எழுதியிருப்பது வேறு.

26 வருடம் மனநல வார்டுகளில் சமூகப்பணியாளராக இருந்தவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது புதிதாக ஒரு மனிதரைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றவில்லை. வார்டின் விதிமுறைகளை யாரோ வரிசையாக எழுதி அனுப்பியதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காலை 5 மணிக்கு எல்லாரையும் எழுப்பிவிடுவார்கள். இரவு ஷிப்ட் முடிவதற்குள் படுக்கை உதறி, குளியல் வரிசை முடித்து, தலை எண்ணி ஒப்படைக்க வேண்டும். நோயாளிக்கு அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் எழுந்தாக வேண்டும். தட்டும் டம்ளரும் தொலைந்தால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அது மடியை விட்டு இறங்காது. ராத்திரிச் சாப்பாடு, நான் பார்த்த வார்டுகளில், சாயங்காலம் ஐந்தரைக்கே வந்துவிடும். சமையற்கட்டு ஆட்கள் பஸ் பிடிக்க வேண்டாமா? அப்புறம் மறுநாள் காலை வரை பதின்மூன்று மணி நேரம் எதுவும் கிடையாது. அதிலும் இந்த நோய்க்குத் தரும் சில மாத்திரைகள் பசியைக் கிளப்பிவிடும். அப்படிப்பட்டவர் ரெண்டு துண்டு பிரெட்டைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் என்ன செய்வார்? அது திருட்டுப் புத்தி என்று வீட்டில் யாராவது சொன்னால் சொல்லவிடாதீர்கள்.

கழிப்பறைக்கு அனுமதி கேட்பதும் அப்படித்தான். அறுபது பேருக்கு ஒரு சிஸ்டர், ரெண்டு உதவியாளர் என்று இருக்கும் இடத்தில் ஆள் எங்கே என்று ஒவ்வொரு நிமிடமும் தெரிந்திருக்க வேண்டும். கேட்காமல் எழுந்தால் அதட்டல். கேட்டுவிட்டு எழுந்தால் ‘நல்ல பேஷன்ட்’. உங்கள் அண்ணன் அந்தப் பெயரை ரொம்பச் சீக்கிரம் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரைக் கொடுப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். கேஸ் ஷீட்டில் ‘அமைதியாக இருக்கிறார், ஒத்துழைக்கிறார்’ என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! ஒத்துழைப்பது என்றால் தன் விருப்பம் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது என்று பத்து வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

‘சிஸ்டர்’ விஷயத்துக்கு வருகிறேன், உங்களை அதுதான் ரொம்பக் குத்தியிருக்கிறது. அவருக்கு உங்களைத் தெரியாமல் இல்லை. உங்கள் பிள்ளைகள் பெயரையோ பழைய வீட்டுத் தெருவையோ கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வார். இத்தனை வருடம் அவர் இருந்த இடத்தில், கேட்டால் அனுமதி தருகிற பெண்ணுக்குப் பெயர் சிஸ்டர். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அதனால் அந்தப் பெயர் உங்களுக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் கண்டுபிடித்தது நானில்லை. ரஸ்ஸல் பார்ட்டன் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1959-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். ‘இன்ஸ்டிட்யூஷனல் நியூரோசிஸ்’ என்றார், ‘நிறுவன நரம்புத்தளர்ச்சி’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எதிலும் நாட்டம் இல்லாமை, தானாக எதையும் தொடங்காமை, அதட்டினால் கோபம்கூட வராமல் பணிந்துபோவது, நாளையைப் பற்றிப் பேச்சே இல்லாமை. நிற்கும் விதம்கூட ஒரே மாதிரி இருக்கும் என்றார்: தோள் சரிந்து, தலை முன்னால் தாழ்ந்து, கை ரெண்டும் உடம்புக்குக் குறுக்கே மடங்கி. உங்கள் அண்ணன் நிற்பதை ஒருமுறை தூரத்திலிருந்து பாருங்கள். பார்ட்டன் மாணவராக இருந்தபோது, 1945-ல், விடுவிக்கப்பட்ட நாஜிகளின் பெல்சன் வதைமுகாமில் பிழைத்திருந்தவர்களுக்கு உதவி செய்யப் போனவர். பிறகு மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். மருத்துவமனையில் பல வருடம் கிடந்தவர்களிடம் காணும் இந்தச் சோர்வு முழுவதும் அவர்கள் கொண்டுவந்த நோயால் வந்ததல்ல, இடம் தந்த இரண்டாவது நோயும் அதில் இருக்கிறது என்பது அவர் கட்சி. வெளித்தொடர்பு அறுவது, வேலையில்லாமல் உட்கார வைப்பது, ஊழியர்களின் அதிகாரம், தனக்கென்று ஒரு பொருளும் இல்லாமல் போவது, மாத்திரை மயக்கம், வெளியே தனக்கு இடம் இருக்கிறது என்ற எண்ணம் அழிவது என்று காரணங்களையும் அடுக்கினார்.

அதே காலத்தில் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் வாஷிங்டனில் ஏழாயிரத்துக்கும் மேல் நோயாளிகள் இருந்த ஒரு மனநல மருத்துவமனையில் ஒரு வருடம் சுற்றித் திரிந்தார். உடற்பயிற்சி அதிகாரியின் உதவியாள் என்று பேர், உண்மையில் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் வேலை. மற்ற எல்லாருக்கும் தூங்கும் இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு, பொழுதுபோக்கும் இடம் வேறு. ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு ஆட்கள், வேறு அதிகாரம். இந்த மூன்றையும் ஒரே மதிலுக்குள் ஒரே அதிகாரத்தின் கீழ் வைத்தால் மனிதன் என்ன ஆவான் என்று அவர் யோசித்தார். சிறை, ராணுவ முகாம், துறவிகள் மடம், விடுதிப் பள்ளி எல்லாவற்றையும் மனநல மருத்துவமனையோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். சேரும் அன்றே சொந்தச் சட்டை, மோதிரம், சீப்பு வாங்கி வைக்கப்படும், முடி வெட்டப்படும், ஒரு எண் தரப்படும். அதற்குப் பிறகு உள்ளே நடக்கும் மற்றதெல்லாம் அந்த முதல் நாளின் தொடர்ச்சிதான்.

உங்கள் அப்பாவும் ஒரு நிறுவனத்தில் ஆயுசைக் கழித்தவர்தான். ரிட்டயர் ஆன பிறகும் ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாரா? எங்கள் தெருவில் மில்லில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். மில்லை மூடிப் பல வருடம் ஆன பிறகும் சங்கு ஊதும் நேரத்துக்குக் கை தானாகச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். நானே ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு எழுகிறவன், வார்டு கொடுத்த பழக்கம். என் மனைவி இன்றுவரை திட்டுகிறார். ஆனால் மில்காரருக்கும் ஆசிரியருக்கும் சாயங்காலம் ஒரு கேட் திறந்தது. வெளியே வந்தால் ஒருவர் அப்பா, ஒருவர் சீட்டாட்டக் கூட்டாளி, ஒருவர் கோயில் கமிட்டிக்காரர். உங்கள் அண்ணனுக்கு அந்தக் கேட் இல்லை. இத்தனை வருடமும் அவர் நோயாளி மட்டும்தான்.

சரி, ‘நாங்கள்தான் கெடுத்துவிட்டோமா’ என்ற கேள்வி. உங்கள் அப்பா முடிவெடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர். நம் பக்கத்தில் மனநோய் உள்ளவர் இருக்கும் எந்த வீட்டிலும் அந்தச் செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சில வருடம் கழித்து ஒரு தகப்பன், சங்கிலியோ மந்திரிப்போ இல்லாத, டாக்டர் இருக்கும் இடமாகப் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்தார். மாதாமாதம் போயும் பார்த்தார். நான் இருந்த வார்டுகளில் தப்பான விலாசம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். கடிதம் போட்டால் ‘இப்படி யாரும் இல்லை’ என்று திரும்பிவரும். உங்கள் அண்ணனுக்கு மாதம் ஒருமுறை வெளியுலகத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெளித்தொடர்பு அறுவது என்று பார்ட்டன் எழுதிய முதல் காரணம் அவர் விஷயத்தில் முழுசாக நடக்கவில்லை. இன்று உங்கள் வீட்டில் அவர் அமைதியாக உட்கார்ந்திருப்பதில் அப்பாவுடைய அந்தப் பஸ் பயணங்களுக்குப் பங்கு உண்டு.

மருத்துவமனையையும் ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசு வராது. நோய் அடங்கியது அங்கேதான். சென்னையில் 1794-ல் தொடங்கிய மருத்துவமனையைத்தான் நாம் இன்றுவரை கீழ்ப்பாக்கம் என்று ஊர் பெயரால் சொல்லி, அந்த ஊர் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் கதவைத் திறந்துவிட முயன்றவர்களும் அதற்குள்ளிருந்தே வந்தார்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் ஓய்வுக்குப் பிறகு 1984-ல், மனச்சிதைவு நோயுள்ளவர்களுக்காக ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 1993-ல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, மருத்துவமனையிலேயே பல வருடம் தங்கிவிட்டவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைக்கிறது. தாங்களே சமைத்துக்கொண்டு, கடைக்குப் போய்க்கொண்டு, அக்கம்பக்கத்தில் சண்டையும் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். உங்கள் கணவர் நினைப்பதுபோல் ‘அங்கேதான் செட் ஆகும்’ என்றால் இது நடந்திருக்காது.

அவர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த இடம் அண்ணனைத் தன் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறது, அதனால் அங்கே பொருந்துவார். இங்கிலாந்தில் மூன்று மனநல மருத்துவமனைகளை 1960-களில் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்த விங், பிரவுன் இருவரும் ரெண்டு விஷயம் கண்டார்கள். உள்ளே இருந்த காலம் கூடக்கூட வெளியே போக ஆசைப்படுபவர்கள் குறைந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நேரம் எங்கே அதிகமோ, அங்கே மந்தமும் பேச்சற்ற நிலையும் அதிகமாக இருந்தது. அந்த நேரத்தைக் குறைத்த இடங்களில் பலருக்கு மந்தமும் குறைந்தது. உங்களுக்கு மருந்துச் சீட்டு எழுதச் சொன்னால் நான் எழுதுவது இந்த ரெண்டாவது விஷயத்தைத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் இடத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. மனச்சிதைவு நோயே பேச்சையும் ஊக்கத்தையும் குறைக்கும். மாத்திரையும் குறைக்கும். முகத்தில் சலனமில்லாமல், கை வீசாமல், காலைத் தேய்த்து நடக்கிறாரா, கை நடுங்குகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறாரே என்று மாத்திரையை நிறுத்தி, ஆறே வாரத்தில் பழையபடி வந்து நின்றவர்களை ரொம்பப் பார்த்துவிட்டேன். ரத்தச் சர்க்கரை, எடை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லையும் காட்டுங்கள். வார்டில் யாரும் பல்லைப் பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் வீடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் அங்கே சின்னதாக ஒரு வார்டு நடத்துகிறீர்கள். அன்பான வார்டு, அவ்வளவுதான். கூப்பிட்டால் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, கேட்டால் ‘போங்கண்ணா’ என்று அனுமதி. அவர் பாத்ரூம் போகக் கேட்கும்போது ‘இது உங்க வீடு, கேக்க வேண்டாம்’ என்று ஒருமுறை சாதாரணமாகச் சொல்லுங்கள். மறுபடி கேட்பார். மாதக்கணக்கில் கேட்பார். அப்போது அதட்டாதீர்கள், ‘போங்க’ என்று அனுமதியும் கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே ‘ம், துண்டு கொடியில கெடக்கு’ என்பதுபோல் வேறு ஏதாவது சொல்லுங்கள். அனுமதி கொடுக்க அங்கே ஆளே இல்லை என்று அவருக்குப் புரிய நாள் ஆகும்.

விருப்பம் கேட்பதைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்த ஒரு பெரியவரை முதல்முறையாக வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். கேட் அருகில் வந்ததும் நின்றுவிட்டார். வாட்ச்மேன் நோட்டில் எழுதும்வரை நகரவில்லை. கடையில் டீ மாஸ்டர் அவரைப் பார்த்து, ‘சர்க்கரை எப்படிண்ணே?’ என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். எனக்கு அவசரம், ‘நார்மலா போடுங்க’ என்றுவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இருபது வருடத்தில் ஒருவர் அவருடைய விருப்பத்தைக் கேட்டார், குறுக்கே விழுந்து நான் பதில் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மாஸ்டர் கரண்டியோடு காத்திருந்தார். பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். பெரியவர் கடைசியில் ‘போடுங்க’ என்றார், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் யோசித்து, ‘கம்மியா’ என்றார். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ‘இனிப்பே இல்லையே’ என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். நான் அவரைச் சிரித்துப் பார்த்தது அன்றுதான். இன்னொரு டீ சொல்லுங்கள் என்றேன். ‘தூக்கலா’ என்று அவரே மாஸ்டரிடம் சொன்னார்.

தப்பாகத் தேர்ந்தெடுக்கவும் இடம் கொடுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ‘என்ன வேணும்ணா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எது குடுத்தாலும் சரி’ என்பார். கண்ணெதிரே ரெண்டு பொருளை வைத்துக் கேளுங்கள். நீலச் சட்டையா, கட்டம் போட்டதா? கேட்டுவிட்டு மனசுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அதற்குள் வீட்டில் யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

சட்டை என்றதும் ஞாபகம் வந்தது. பாக்கெட் வைத்த சட்டையாக வாங்குங்கள். நான் இருந்த இடங்களில் வார்டு சட்டைக்குப் பாக்கெட் கிடையாது. வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவருக்குப் பாக்கெட் எதற்கு என்று தைத்தவர் நினைத்திருப்பார். அந்தப் பாக்கெட்டில் தினமும் ஒரு ஐம்பது ரூபாய் இருக்கட்டும். கணக்குக் கேட்காதீர்கள். முதல் மாதம் அப்படியே திரும்பி வரும், பரவாயில்லை. அவர் மனசில் டீ விலை 2009-லேயே நின்றிருக்கும். கடைக்கு நீங்கள் கூடப் போங்கள், ஆனால் காசை அவர் கையால் கொடுக்கட்டும்.

பிரெட்டுக்கு மூடி இறுக்கமான டப்பா ஒன்று வாங்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தீர்ந்தால் அவரே நிரப்பிக்கொள்ளட்டும். எறும்புப் பிரச்சினை அன்றே தீரும், ஒளிக்கும் பழக்கம் மெதுவாகப் போகும். ராத்திரிச் சாப்பாடு எல்லாரோடும் எட்டு எட்டரைக்கு, ஒரே வட்டமாக உட்கார்ந்து. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், அதைப் பிடுங்கவேண்டாம். தினசரி காலண்டரில் தேதி கிழிக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். வார்டில் எல்லா நாளும் ஒரே நாள், தீபாவளிக்கு மட்டும் ஒரு ஸ்வீட்.

வேலை என்றால் வீட்டு எடுபிடி என்று ஆகிவிடக் கூடாது. ‘மாமா சும்மாதானே இருக்காரு’ என்று ஆரம்பிக்கும். 24 வயதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்தாரா, சைக்கிள் கடையில் இருந்தாரா, கபடி ஆடினாரா, யாரையாவது விரும்பினாரா? நோய் வருவதற்கு முன் ஒருவர் இருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். பழைய சேக்காளி ஒருவர் வாரம் ஒருநாள் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால், என்னைப் போன்ற பத்து பேர் ஆலோசனை சொல்வதைவிட அது பெரிது. வாசல் தாண்டாததற்கும் அதுதான் வழி. திறந்த கதவு அவருக்குக் கதவாகத் தெரியவில்லை, யாராவது ‘வாடா’ என்று கூப்பிட வேண்டும்.

காகிதங்களையும் கவனியுங்கள். பல வருடம் உள்ளே இருந்தவர் வீட்டுக் கணக்கிலிருந்தே காணாமல் போயிருப்பார். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா? ஆதார், வங்கிக் கணக்கு? வாக்காளர் பட்டியலில் சேருங்கள். மனநோய் உள்ளவர் ஓட்டுப் போடக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பெயர் நீக்க முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் அடங்கும். அரசு மருத்துவமனையில் மதிப்பிட்டு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். உங்கள் அப்பா அரசு ஓய்வூதியம் வாங்கியவர் என்றால், சம்பாதிக்க இயலாத மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்க வழி உண்டு. அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தோடு கருவூலத்தில் போய் விசாரியுங்கள். அந்தப் பணம் வந்தால் அவர் கணக்குக்கே வரட்டும்.

திரும்பக் கொண்டுபோய் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழையபடி விட்டுவிட்டு வருவதைச் சட்டமே இப்போது எளிதில் விடாது. 2018-ல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அவரே முடிவெடுக்க முடியாத நிலையில் சேர்ப்பதானால் முதலில் 30 நாள்தான். அதற்கு மேல் வைக்க மறுஆய்வு வாரியத்தின் சம்மதம் வேண்டும். அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவைப் படித்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம், வேலை வாங்கினால் கூலி தர வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இதில் ஒன்றையாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நோய் உண்மையிலேயே திரும்பினால் அது வேறு விஷயம். ரெண்டு மூன்று நாள் தொடர்ந்து தூங்கவில்லை, சந்தேகப் பேச்சு, மாத்திரை மறுப்பு என்றால் காத்திருக்காமல் மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சில வாரம் சேர்த்துச் சிகிச்சை எடுக்க நேர்ந்தாலும் அது தோல்வி இல்லை, சர்க்கரை ஏறினால் அட்மிட் ஆவதில்லையா, அதுபோலத்தான். உங்களால் முடியாத நாளும் வரும். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள், கணவரிடமும் என்னிடமும். உங்கள் கணவரை வில்லனாக நினைக்கவேண்டாம். பொறுப்பு பூராவும் உங்கள் மேல் விழுவதைப் பார்த்துப் பயந்திருக்கிறார். மாதாந்திர மருந்து வாங்கப் போகும்போது ஒருமுறை அவரையும் அண்ணனையும் மட்டும் அனுப்பிப் பாருங்கள். சீட்டு அண்ணன் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் நினைப்பது இருக்கிறது, கணவர் நினைப்பது இருக்கிறது. அண்ணன் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று இல்லை. இப்போது போய்க் கேட்காதீர்கள். சட்டை நிறம்கூடச் சொல்லத் தயங்குகிறவரிடம் அவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டால் ‘நீங்க சொல்றபடி’ என்பார், நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள். ஒரு வருடம் போகட்டும். வேண்டாம் என்ற சொல்லை அவர் உங்களிடம் நாலைந்து தடவையாவது சொன்ன பிறகு கேளுங்கள்.

ராத்திரி லைட் விஷயத்தை மறந்துவிட்டேன். வார்டில் இரவு முழுக்க டியூப் லைட் எரியும், கட்டிலில் ஆள் இருக்கிறாரா என்று எண்ண வேண்டுமே. இத்தனை வருடத்தில் அவர் இருட்டில் தூங்கியதே இல்லை. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து அதன் சுவிட்சை மட்டும் அவர் படுத்தபடியே எட்டுகிற உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.